முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சத்துவாச்சாரியில் மே மாதம்.
தூரிகை நுனியிலேயே பசை காய்கிறது.
ஃபேன் போட்டால் துண்டுகள் பறக்கும்,
போடாவிட்டால் ஸ்டிக்கர் மேல் வியர்வை சொட்டும்.
நிறுத்தினேன்.

பகலெல்லாம் லேபில் பொய்ப்பல் செதுக்குகிற கை.
அதே அரம், அதே ஊசிமுனை.
டி-72, பெட்டிக்குள் இருநூற்றுச் சொச்சம் துண்டுகள்.
செக் மொழித் தாளில்
அம்புக்குறி மட்டும்தான் தமிழ்.
இழுவைக் கொக்கி, சி-14,
வெட்டும்போதே தெறித்து எங்கோ போனது.
மூன்று நாள் பெருக்கியும் கிடைக்கவில்லை.
கொண்டை ஊசியை வளைத்து ஒட்டினேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை.
சீட் இல்லை, கியர் இல்லை, ஆள் இல்லை.
தணிகைவேல் ஒன்பது வருஷமாக உட்காருகிற இடம்
காலி சோப்பு டப்பா.

சங்கிலிக்கு அடியில் தூவ
பாலாற்றில் ஒரு பிடி அள்ளி வந்து
டீ வடிகட்டியில் சலித்தேன்.

லீவில் வந்தவன்
காட்பாடியில் இறங்கிய பையைத்
தோளிலிருந்து எடுக்காமலே நின்று பார்த்தான்.
பீரங்கியை விட்டுவிட்டு
கொண்டை ஊசிக்குச் சிரித்தான்.
அப்புறம் குனிந்தான்.

"எந்த ஊர் மண்ணு இது?"
"பாலாத்துது."
விரலில் ஒட்டியதை வேட்டியில் துடைக்கவில்லை,
உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றான்.
"இதுல இது ஓடக் கூடாதுடி."

ராத்திரி இரண்டு மணி. புழுக்கத்தில் முழிப்பு வந்தது.
என் பழைய பல் பிரஷ்ஷால்
சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக
மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
ஃபேனை
அவன்தான் நிறுத்தியிருக்கிறான்.