மகசரில் மூன்றாவது பொருள்

அண்ணன் மகன் மஸ்கட்டில் இருந்து கொண்டுவந்த கோட்டு.
உள்ளே கரித்தூள் வைத்துத் தைத்தது,
வேர்வை வாசம் வெளியே போகாதாம்.
சும்மா தரவில்லை.
அன்றைய நிலவரத்தில் அறுபது கிலோ ஷீட்டு.

சோப்பு போடக்கூடாது என்றார் வில்பிரட்,
நீலம் கூடாது, மற்ற துணியோடு சேரக்கூடாது,
ஷீட்டு அடிக்கிற பக்கமே கொண்டுபோகக்கூடாது.
பதினெட்டு வருஷம் இந்த மனுஷனைத் துவைத்திருக்கிறேன்.
ஒட்டுப்பால், ஆசிட், பீடி, தேங்காயெண்ணெய்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் பவுடர்.
கோட்டைப் போட்டு முற்றத்தில் இறங்கினார்.
நாய் குரைத்தது
வேற்றாளைப் பார்த்த மாதிரி.

மூன்று இரவு மரச்சீனி விளையில் காவல்,
மடியில் கள்ளத்துப்பாக்கி.
முதல் நாள் பன்றி வரவில்லை.
இரண்டாம் நாள் வந்தது, அவர் முதுகுக்குப் பின்னால்.
பதினொரு மூடு தோண்டித் தின்றுவிட்டு
அவசரமில்லாமல் ஓடையில் இறங்கிப் போயிற்று.
மூன்றாம் நாள் மழை.

கொள்ளாமா என்று கேட்டேன்.
"கோட்டுக்குக் குத்தமில்ல. தொப்பி வாங்கல்ல,
அதான், தலை மணக்குது."
பீடியைப் பற்றி நான் பேசவில்லை.

நாலாம் நாள் அது கொடியில் ஈரமாகக் கிடந்தது.
பழைய பால்வெட்டுச் சட்டையில் போனார்,
முழங்கை வரை ஒட்டுப்பால்.
காற்று மலையிலிருந்து இறங்கி
நேரே அவர் முகத்தில் அடித்ததாம்.
ஒரே வெடி.

எங்கள் வீதம் ரெண்டரைக் கிலோ.
கதவடைத்தேன், ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டேன்.
தேங்காயும் மல்லியும் வறுபட்டபோதே
ஓட்டு இடுக்கில் ஏறிவிட்டது.
நல்லமிளகு சதைத்துப் போட்ட பிறகு
யார் பிடித்து நிறுத்த?
ரப்பர் வரிசைக்குள் நடந்து
சர்ச் வளைவில் திரும்பி
தடிக்காரன்கோணம் செக்போஸ்ட்டில்
டீ ஆற்றிக்கொண்டிருந்த கார்டு சிவதாணுவைக்
கையோடு கூட்டிவந்தது.

"கோழியா அக்கா?"
"கோழிதான்."
"தூவல் எங்க?"

சட்டியை எடுத்தார்கள். துப்பாக்கியை எடுத்தார்கள்.
கொடியில் கிடந்ததை சிவதாணு
மூக்கில் வைத்துப் பார்த்தார்,
திருப்பிப் போட்டும் பார்த்தார்.
"ஒண்ணுமே மணக்கல்லியே" என்று
ஏமாந்த குரலில் சொல்லிவிட்டு எழுதினார்:
மூன்று. பச்சைக் கோட்டு. ஒன்று. ஈரம்.

வில்பிரட் பழைய சட்டையில்தான் ஜீப் ஏறினார்.
நாய் பின்னாலேயே ஓடிற்று,
சர்ச் வளைவு தாண்டியும்.