அரைக் கூலி

ஹோவிக் மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி பறிக்க
நான் ஓட்டி வந்த மஞ்சள் வண்டி
மூன்று வாரமாக நிற்கிறது.
நிறுத்தியது ஒரு பூச்சி.
கட்டைவிரல் நகத்தளவு.

சலோஷினி மூட்லி, வலையும் நோட்டுமாக,
புல்லில் குப்புறப் படுத்து எண்ணுகிறாள்.
நேற்று பதினொன்று. இன்று மேகம், இரண்டுதான்.
வெயில் வந்தால்தான் துரை வெளியே வருவாராம்.
எனக்கு வெயிலோ மழையோ அரைக் கூலி.

"உவெம்வானே!" என்று சிரிக்கிறான் சிபோனெலோ.
"என் மாமியார்கூட இந்த வண்டியை நிறுத்தியதில்லை."

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில்
பீன்ஸ் கறி ரொட்டியோடு நானும் போய்ப் பார்த்தேன்.
சிறகு மூடி உட்கார்ந்திருந்தது: சாம்பல், சில புள்ளி,
சட்டைப் பையில் துவைபட்ட பஸ் டிக்கெட் மாதிரி.
இதற்காகவா என்று வாய் திறந்தேன்.
அதுவும் திறந்தது.

கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால்
விளிம்பில் நடுங்குமே, அந்த நீலம்.
மூடிவிட்டது.
ரொட்டி கையிலேயே இருந்தது.

நீலன்கள் குடும்பத்துக் கதையை அவள்தான் சொன்னாள்.
முட்டை இடுவது காட்டுத் துளசியில்.
அம்மா செம்போடு சுற்றி வரும் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை,
இந்த மேட்டில் யாரும் கும்பிடாமல் பூப்பது.
மொட்டுகளைத் தின்று கொஞ்சம் வளர்ந்ததும்
புழு தரையில் விழுந்து கிடக்கும்.
எறும்பு வரும். தன் பிள்ளை என்று நினைத்து
வீட்டுக்குத் தூக்கிப் போகும்.
குளிர்காலம் முழுக்க அங்கே, இருட்டில்,
எறும்பின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தின்று
கொழுத்துக் கிடக்குமாம்.

"திருட்டுப் பயல்," என்றேன்.
"ஆமாம்," என்றாள், பென்சிலைக் காதில் செருகியபடி.
சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில், கசங்கின காகிதம்போல,
எறும்பு வாசல் வழியே நடந்தே வெளியே வந்து
புல்லில் ஏறிச் சிறகைக் காயப்போடும்.
சில நாள் பறக்கும். அவ்வளவுதான்.

அன்றிரவு புரண்டு படுத்தேன்.
கீழே டவுன்ஷிப்பில் குழாய் காற்றுதான் விடுகிறது.
சிபோனெலோ வீட்டில் ஏழு பேர், இரண்டு டிரம்.
தொட்டி வேண்டும், அதில் பேச்சில்லை.
ஆனால் என் வாளி ஒரு முறை இறங்கினால்
எத்தனை வாசல், எத்தனை தொட்டில்,
எது எறும்பினுடையது, எது நீலனுடையது என்று
இரும்புக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் தொல்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது:
நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளிப் பறிக்கவும்.
முழுக் கூலி.
அங்கே துளசி இல்லை என்று எழுதியிருந்தது.
வண்டியை உறுமவிட்டு, இறங்கி,
ஒரு தரம் நடந்து பார்த்தேன்.
சிபோனெலோ மணியைப் பார்த்தான்.

ஒரு செடி இருந்தது. பூ இல்லை.
வாளியை அதற்கு அப்பால் வைத்தேன்.