நகல் கேட்டவள்

தக்காளி பறிப்பு முடிந்து வருகிறவர்கள் வரட்டும் என்று
வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குக் கூட்டம் வைத்தேன்.
நாகமரத்துக்கொட்டாய், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.
நாற்பத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்.
அதில் நான் தலைமை,
பீரோ சாவி என்னிடம் இருப்பதால்.

இராயக்கோட்டை மண்டியில் பெட்டி எண்பதுக்கு
இறங்கியிருந்த வாரம் அது.
பதினெட்டுப் பேர் வந்தார்கள்,
செடிக் கறை போகாத விரல்களோடு.
பெஞ்சு இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார்கள்,
பிள்ளைகள் சத்துணவுக்கு உட்காரும் அதே வரிசையில்.

வட்டாரக் கல்வி அலுவலரின் ஆய்வறிக்கையை வாசித்தேன்.
குடிநீர்த் தொட்டி: சுத்தம்.
(முந்தின நாள்தான் கழுவினோம்.
அது அறிக்கையில் இல்லை, நானும் சொல்லவில்லை.)
வருகைப் பதிவேடு: சரி.
பெண்பிள்ளைகள் கழிப்பறை: தாழ்ப்பாள் இல்லை.
"ஒரு தாழ்ப்பாள் என்ன பெரிய விலை?" என்றார்
ஓசூர் கிரில் பட்டறைக்குப் போகிற மாதப்பன்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
அடுத்த வரியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

மூன்றாம் வகுப்பு. மொத்தம் பதினொருவர்.
தடையின்றி வாசிப்போர் நால்வர்.
எஞ்சியோர் மெல்லக் கற்போர்.

நால்வரைப் 'பலர்' ஆக்கிவிடலாமா
என்று நாக்கு என்னைக் கேட்டது.
ஆக்கவில்லை. ஆனால் வேகமாக வாசித்தேன்,
கை காட்டுகிறவர்களைப் பார்க்காத மாதிரி
நிறுத்தத்தைத் தாண்டும் பஸ்காரனைப் போல.

"எந்த நாலு பேர்?"
பின்னாலிருந்து யாரோ.
அறிக்கையில் பேர் போடவில்லை என்றேன்.
பொய்யில்லை. பேர் என் நோட்டில் இருந்தது.
அவரவர் மனசுக்குள் அவரவர் பிள்ளையை
உட்கார வைத்துப் பார்ப்பது தெரிந்தது.
பதினொரு பிள்ளைக்கு நாலு நாற்காலி.

'முடிவுகள் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டன'
என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கினேன்.
சாக்கம்மா கைநாட்டு. ஊதா மை, கொஞ்சம் சாய்ந்து.
துடைக்கத் துணி நீட்டினேன். வாங்காமல் சொன்னாள்:
"அந்தக் காகிதம் ஒண்ணு எனக்கும் குடுங்க."
எதுக்கு என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"வீட்டுல பையன் படிப்பான்.
நீங்க ஓட்டமா படிச்சிட்டீங்க."

பையன் முனிரத்தினம். மூன்றாம் வகுப்பு.
நாலில் இல்லை.

உபரியாக ஒரே ஒரு நகல் இருந்தது.
நாலாய் மடித்துக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு எனக்குச் சரியாகப் போகவில்லை.
பாலக்கோட்டு வீட்டு மாடியில் துணி உலர்த்தும்போது
ஒரு சின்ன ஆள்காட்டி விரல்
அந்த வரிகளின்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது.

திங்கள், மணி அடிக்குமுன் கேட்டருகே நின்றாள்.
"கழிப்பறை வரைக்கும் வந்துட்டான் டீச்சர்.
தாழ்ப்பாள் அவனுக்கு வரல,
நான்தான் ஞாபகத்துல சொன்னேன்.
அப்புறம் கொஞ்சம் போயி, மெல்ல... மெல்லக்...
அங்கயே நின்னுட்டான். அது என்ன?"

அவள் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.
அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.
"மெல்லக் கற்போர்" என்றேன்,
வெள்ளிக்கிழமை வாசித்திருக்க வேண்டிய வேகத்தில்.
"மெல்லன்னா மெதுவாவா?"
"ஆமா."
"கத்துக்கறான்னுதானே போட்டிருக்கு?"
பதில் சொல்லுமுன் தோட்டத்து வண்டி ஹாரன் அடித்தது.
ஓடிவிட்டாள்.

புதன்கிழமை மாதப்பன் தாழ்ப்பாள் மாட்டினார்.
உள்பக்கம் மாட்டுவதற்குப் பதில் வெளிப்பக்கம்;
வியாழக்கிழமை கழற்றி உள்பக்கம் மாட்டினார்.
'மேற்கொண்ட நடவடிக்கை' என்ற கட்டத்தில்
அதை எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்,
இன்றுவரை காலி.

நேற்று மூன்றரைக்கு, எல்லோரும் போனபின்,
முனிரத்தினம் அந்தக் காகிதத்தோடு வந்து நின்றான்.
மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தது.
"இன்னும் பதிமூணு வரி இருக்கு" என்றான்.
எண்ணியிருக்கிறான்.
பீரோவைப் பூட்டப் போனவள்
சாவியை மேசைமேல் வைத்தேன்.