உத்திரம்

ருவோ ஆற்றுப் பாலம் விழுந்த பதினோராம் நாள்
பிளான்டயரிலிருந்து விசாரணைக் குழு வந்தது,
மூன்று வெள்ளைக் கார்களில்.
சேற்றில் கால் வைக்காமல் பார்த்துவிட்டுப் போனது.

அமைச்சர் வானொலியில் மழையைக் குற்றம் சொன்னார்.
ஒப்பந்தக்காரர் மரத்தைச் சொன்னார்.
மரம் வாய் திறக்கவில்லை.
சைக்கிள் டாக்ஸிக்கார மலிசானியை
நாணல் புதரில் கண்டெடுத்தார்கள்,
சைக்கிளை இன்னும் தேடுகிறார்கள்.

ஞாயிறன்று போதகர் கலிண்டே ஏரோதைப் பற்றிப் பேசினார்.
எந்த ஏரோது என்று எல்லாருக்கும் தெரியும்.
நான்தான் உரக்க ஆமென் போட்டேன்.
முன் வரிசையில் மலிசானியின் மனைவி
கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

தேர்தலில் இதே தொண்டை கிழிய
அமைச்சருக்குப் பாடியவளும் நான்தான்.
அவர் முகம் அச்சடித்த துணியை இடுப்பில் சுற்றி
லாரியில் நின்று, குலவையிட்டு.
இப்போது அந்தத் துணியால்
அக்காள் பிள்ளையை முதுகில் கட்டுகிறேன்.
அவன் மூத்திரம் பெய்வது சரியாக மூக்கின் மேல்.
தினமும் எனக்கு ஒரு சின்ன நியாயத்தீர்ப்பு நாள்.

அன்றும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே
ந்ஸிமா கிண்டியவள்
புகை கண்ணைக் கரிக்க அண்ணாந்தேன்.

கூரையைத் தாங்கும் உத்திரத்தில்
பாதி இழைத்தும் போகாத பச்சை எழுத்து:
சாலைத் துறை, எண் பதினேழு.

போன வருஷம் நள்ளிரவில் வந்த லாரி.
பாதி விலை.
"எங்கிருந்து என்று கேட்காதே" என்றார் என் புருஷன்.
நான் கேட்கவில்லை. லாந்தரைப் பிடித்தேன்.

கண்ணில் உத்திரம் என்று ஆண்டவர் சொன்னதை
பேச்சுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன்.
அவ்வளவு பெரிய மரம் கண்ணுக்குள் எப்படி நுழையும்?

நுழையும்.
இரவில், பாதி விலையில்,
வெளிச்சம் காட்ட ஒரு கை இருந்தால் போதும்.

அமைச்சரின் களவு அமைச்சருடையது.
அதில் ஒரு ஆணியைக்கூட
நான் அவருக்குத் தள்ளுபடி செய்யப்போவதில்லை.
ஆனால் எண் பதினாறும் பதினெட்டும்
ஆற்றின் மேல் நின்றபோது
நடுவில் இருந்த வெற்றிடம் என் அடுப்படியில் இருந்தது.
அதற்கடியில்தான் தினமும் ஜெபம் பண்ணினேன்.

"எடுத்தால் கூரை இறங்கிவிடும்" என்கிறார் புருஷன்.
இறங்கட்டும் என்று சொல்ல
இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

சகேயு பாக்கியவான்,
மரத்தை விட்டு அவன் இறங்கினால் போதுமாயிருந்தது.
எனக்கோ மரத்தையே இறக்க வேண்டும்.

பிள்ளை முதுகில் தூங்கிவிட்டான்.
மழை விட்டிருக்கிறது.
ஊரில் நீளமான ஏணி ஒன்றுதான்.
அது மலிசானி வீட்டில் இருக்கிறது.