பலத்திலிருந்து நீக்கம்

பண்டாரவளை நீதிமன்றத்தில்
வழக்குகள் ஒத்திப்போன பிற்பகல்களில்
மொழிபெயர்ப்பாளர் மேசையின் கீழ்த்தட்டிலிருந்து
ஒரு பிஸ்கட் தகரத்தை எடுப்பேன்.
கப்டன் க்ளெமென்ட் ஷோக்மன் அதற்குள் இருந்தார்,
ஊதாக் கார்பனில்,
நூற்றுப் பதினொரு தாளில்.

மெல்பேர்னிலிருந்து மகள் இயோனா எழுதியிருந்தார்:
அப்பா பர்மாவில் சண்டை பிடித்தவர்.
எந்த மலை, எந்த ஆறு,
அது மட்டும் தெரிந்தால் போதும்.
தாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம்.

முதல் வாரம் கையெழுத்தோடு மல்லுக்கட்டு.
அந்தக் குமாஸ்தாவுக்கு
ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.
மாதத்தின் தலையைக் கரையான் தின்று
‘ம்பர்’ மட்டும் மிச்சம்.
செப்டம்பரா, நவம்பரா,
மூன்று மாத மழையை எங்கே வைப்பது?

ஒரு பெயருக்கு நேரே எஸ். ஓ. எஸ்.
நெஞ்சு திக்கென்றது.
யாரோ மூழ்குகிறார், கை தூக்குகிறார்.
அடுத்த தாளில்
பதினேழு பேருக்கு நேரே அதே மூன்றெழுத்து.
ஒரே செவ்வாய்க்கிழமையில் இத்தனை பேர் மூழ்க
தியத்தலாவையில் கடல் ஏது?

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் துவான் ஜுனைதீனிடம்
தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
சிரித்தார்.
“பலத்திலிருந்து நீக்கம். அவ்வளவுதான் மிஸ்.
வேறு படைக்குப் போனாலும் அதுதான்,
ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதுதான்,
மௌத்தானாலும் அதுதான்.”

அகராதி தேவைப்படவில்லை.
நான் பிறந்த தோட்டத்தில் அதற்குப் ‘பேர் வெட்டு’.
செக்றோலில் ஒரு பென்சில் கோடு.
ஓடிப்போனவர், படுத்துக்கிடப்பவர், செத்தவர்,
துரையை எதிர்த்துப் பேசிய என் அம்மா,
எல்லாருக்கும் ஒரே நீளக் கோடு.
விடியலில் வரிசையாய் நின்ற பிரட்டுக்களம் கூட
படைக்காரரின் பரேட்தான் என்று
நாற்பத்தெட்டு வயதில், பஸ்ஸில் வரும்போது,
எனக்கு உறைத்தது.

பிறகு வாசிப்பு ஓடியது.
நாற்பத்து மூன்று மார்ச்: தியத்தலாவை, களஞ்சியப் பொறுப்பு.
ஜூன்: மூலநோய், ஆஸ்பத்திரி, பதினொரு நாள்.
ஆகஸ்ட்: கம்பளி, நாற்பது, குறைவு.
விசாரணை.
அதிகாரி செலுத்த வேண்டியது ரூபா முந்நூற்று இருபது;
மாதம் இருபதாகப் பதினாறு மாதம்.
அந்தப் பதினாறு மாதமும் களஞ்சியம்.
அதன்பின் கொழும்பு. எஸ். ஓ. எஸ்.

கப்பல் இல்லை.
ஆறு இல்லை.
பர்மா என்ற சொல் ஓரிடத்தில் வருகிறது,
அரிசி பற்றி.

தகரத்தின் அடியில் மனைவிக்கு எழுதிய கடிதங்கள்.
‘இங்கே பனி. எதிரில் மலை.
இரவு முழுக்க வெடிச் சத்தம், தூக்கமில்லை.
நான் இருக்கும் இடம்’ —
அதற்கப்பால் ஒரு நீள்சதுர ஓட்டை.
ஒன்றும் பொய்யில்லை.
பயிற்சித் திடலிலும் வெடிக்கத்தான் செய்யும்.
தணிக்கைக் கத்தரி விட்ட ஓட்டையில்
ஒரு குடும்பம் பர்மாவை ஒட்டுப்போட்டுத்
தைத்து வைத்திருக்கிறது,
எண்பது வருடமாக.

அந்த நாற்பது கம்பளி எங்கே போயிற்று?
விற்றாரா, கொடுத்தாரா,
கீழ்த்தட்டு எலிதான் தின்றதா?
குளிரில் கிடந்த ஏதோ ஒரு லயத்துக்கு என்று
முடித்துவிட எனக்கும் ஆசை.
ஆனால் சாட்சி சொல்லாததை
மொழிபெயர்க்க மாட்டேன் என்று
சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிறவள் நான்.

மூன்று தரம் கிழித்து நாலாம் தரம் எழுதினேன்:
அன்புள்ள இயோனா,
உங்கள் அப்பா இருந்த மலை
நான் இதை எழுதும் ஜன்னலில் தெரிகிறது.
இப்போது பனி மூடியிருக்கிறது.
வந்தால் காட்டுகிறேன்.
நூற்றுப் பத்துத் தாளுக்கான கணக்கு இத்துடன்.
கம்பளித் தாளை
இன்னும் வாசித்து முடிக்கவில்லை.