அரைச் சாக்கு

குழித்துறைப் பாலம் தாண்டும் முன்
பரோட்டாக் கடையில் ஒருவன் கேட்டான்:
வென்சிலாஸ் அண்ணனுக்கு டிரம்ஸ் வாசிச்சவன்கள்ல
யாரு வோய் பெரிய ஆளு?

முப்பத்தாறு வருடமாக அவருக்கு இடப்பக்கம்
பேஸ் கிட்டாரோடு நிற்கிறேன்.
சால்னா ஊற்றிக்கொண்டு யோசித்தேன்.

தார்சியூஸ்.
குளச்சல் ஐஸ் கம்பெனிக்காரன்.
பாட்டை முடித்துவிட்டு எங்கோ போக வேண்டியவன் போல வாசிப்பான்.
நாலு நிமிடப் பாட்டு மூன்றில் முடியும்.
கடைசிச் சொல்லை
ஓடும் பஸ்ஸின் கம்பியைப் போல
எட்டிப் பிடிப்பார் அண்ணன்.
ஆனால் அவன் பேஸ் டிரம்!
மிதித்தால் என் தொப்புளுக்குக் கீழே விழும்.
நெய்யாற்றின்கரையிலும் காட்டாக்கடையிலும்
சவுண்ட்காரர்கள் மேடையேறி வந்து
உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்பார்கள்.
சிரிப்பான்.
களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்
ஒருநாள் தோலைக் கழற்றினார்கள்.
அரைச் சாக்கு ரேஷன் அரிசி.
மூன்று வருடம், வாசித்து முடித்த கையோடு
விற்றுவிட்டு வந்திருக்கிறான்.
அபராதம் கட்டி அவனை மீட்டு
அன்றிரவு காலி டிரம்மோடு மேடையேறினோம்.
தகரக் கதவை யாரோ தட்டுவது போலிருந்தது.
அதன்பிறகு தலையணை வைத்தோம், கம்பளி வைத்தோம்.
அரிசி அரிசிதான்.

சசிதரன்.
பாறசாலையில் மின்வாரியத்துக்கு மீட்டர் கணக்கெடுப்பவர்.
தாளமும் அப்படியே,
ஒரு யூனிட் கூடாது, குறையாது.
இந்த ஆளோடு பாடினால் பில் கட்டுவது மாதிரி இருக்கு
என்று அண்ணன் என்னிடம் முணுமுணுப்பார்.
அவர் தம்பியை அடக்கிய மறுவாரம்
ஆற்றிங்கலில் இரண்டாவது சரணத்தில் சொல் வரவில்லை.
சசி நிறுத்தவில்லை. சத்தம் கூட்டவில்லை.
அலங்காரம் ஒன்றும் செய்யவில்லை.
எட்டுச் சுற்று, பதினாறு, முப்பத்திரண்டு.
சுவரில் சாய்வது போல அதில் சாய்ந்து நின்றார் அண்ணன்.
நாற்பதாவது சுற்றில் பாடினார்.
பில்லைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

திருவிதாங்கோட்டு ஹபீப் ரகுமானைச் சொல்லப்போனால்
சால்னா ஆறிவிடும்.
குச்சியைத் தூக்கி எறிவான், கூட்டம் குச்சியைப் பார்க்கும்,
பாடுகிறவரை யார் பார்ப்பது?
அவன் போனபோது அண்ணன் பிரியாணி வாங்கித் தந்தார்,
அவனுக்கா தனக்கா என்று தெரியவில்லை.
ஒன்று மட்டும் நான் பார்த்திருக்கிறேன்:
அண்ணனுக்குச் சளி பிடித்த இரவுகளில்
யாரும் சொல்லாமல்
ஸ்நேர் டிரம்மின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துவான்.

இப்போது ஜெபசெல்வி.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக் கணக்கு.
அண்ணனுக்கு அறுபத்தொன்பது.
நீண்ட வரியின் முனையில் மூச்சு போதவில்லை.
அவள் அவர் கையைப் பார்ப்பதில்லை,
சட்டையின் முதுகைப் பார்க்கிறாள்.
துணி உப்பினால் அடி.
உப்பாவிட்டால் சிம்பலை ஓடவிட்டுக் காத்திருக்கிறாள்.
எட்டு என்பது எட்டரை ஆகிறது,
நானும் கம்பியை இழுத்துப் பிடிக்கிறேன்.
கூட்டம் அதை அழகென்று கைதட்டுகிறது.
கண்டுபிடித்து ஒருநாள் கத்தினார்:
எனக்காகவா நிக்கிற?
இல்ல சார், சிம்பல் பழசு,
சத்தம் அடங்க நேரமாகுது.

யாரு பெரிய ஆளு, சொல்லும் வோய்.
இன்னொரு பரோட்டா, என்றேன்.
பேஸ்காரர்களில் யார் என்று எவனும் கேட்பதில்லை.
ஒரே ஆள் என்றால் எதோடு ஒப்பிட?

சாவடியில் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்கள்.
மீசை அரும்பிய கான்ஸ்டபிள்
பழைய கதை கேட்டிருப்பான் போல,
பேஸ் டிரம் உறையை விரல் முட்டியால் தட்டினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கிய அண்ணன்
கண் திறக்காமல்
சரியாக நாலில் பாட ஆரம்பித்தார்,
சுதி பிசகாமல்.

ஜெபா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்:
சார், கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க.