துறைமுகம் பார்த்த அறை

பாந்தியன் சாலை, முதல் மாடி, கீழே ஜெராக்ஸ் கடை.
நான் போகாத நாட்டைப் பற்றி
நாலு பக்கம் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறேன்:
சலித்த மாவாய் மணல்,
ஆனைப்புளி மரத்தடியில் காலைச் சிற்றுண்டி,
பால்கனிக்கு வரும் குரங்கு,
பாய்மரப் படகில் அந்தி,
நண்டுக்குத் தனிக் கட்டணம்.
கென்யா, ஆறு பகல், ஐந்து இரவு.

தேனிலவுக்காரர்கள் படத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.
மாலத்தீவு மாதிரி இருக்குமா?
இருக்கும் என்பேன்.
கோவா மாதிரி?
அதைவிட என்பேன்.
கென்யா மாதிரி இருக்குமா என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

நேற்று மழைக்குக் கொஞ்சம் முன்னால்
ராயபுரம் அருளப்பன் வந்தார்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
இன்னும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசுகிறார்.
கூட மனைவி ஸ்டெல்லா, மடியில் ஹெல்மெட்.

மணலைப் புரட்டினார். குரங்கைப் புரட்டினார்.
வரைபடத்தில் மொம்பாசாமேல் விரல் நின்றது.
"முப்பத்தோரு வருஷம்
இந்தப் பேர் போட்ட பெட்டியப் பிரிச்சிருக்கேன்.
பல்லாவரத்துக்குத் தோலு.
ரெண்டு நாளைக்குச் சட்டைய விட்டுப் போகாது."
"துவைச்சது நான்" என்றார் அந்தம்மா.

கடல் பார்த்த அறைக்கு நாலாயிரம் கூட என்றேன்.
"கடல் எதுக்கு? வீட்டு வாசல்ல கெடக்குதே.
துறைமுகம் பார்த்த அறை இருக்கா?"

கணினியில் தேடினேன்.
கடல், தோட்டம், நீச்சல்குளம்.
அவ்வளவுதான் உலகம்.

"ஒரு தடவ பெட்டிக் கதவுக்கு உள்பக்கம்
எவனோ சாக்பீஸ்ல ஒரு மீன் வரைஞ்சிருந்தான்.
திரும்பிப் போற காலிப் பெட்டில
நானும் ஒரு வவ்வால் மீனு போட்டு அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்துதான்னு தெரியல."
சொல்லிவிட்டுக் குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொம்பாசா ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.
சிரித்தான்.
லாரிக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று உண்டாம்,
ஜன்னலில் கிரேன் தெரியுமாம்.
பாதி விலை. எனக்குக் கமிஷன் கிடையாது.

"மூணு ராத்திரி உங்க கிரேனு,
ரெண்டு ராத்திரி என் குரங்கு."
ஸ்டெல்லாம்மா கணக்கை முடித்துவிட்டு
என் பக்கம் திரும்பினார்:
"டிசம்பர்ல அங்க என்ன கிடைக்கும்?"

மாம்பழம் என்றேன்.
"மார்கழியிலா?"
நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும் என்றேன்.
துறைமுக சுகாதார ஆபீஸ்தானே, தெரியும் என்றார் அவர்.
மழை பிடித்துக்கொண்டது.
ஹெல்மெட் ஒன்றுதான்.
அதை மாட்டிக்கொண்டு, அந்தம்மா
மாம்பழம் இருந்த பக்கத்தை மட்டும்
என்னைக் கேட்காமல் கிழித்து
நாலாக மடித்தார்.